கிராஃபிக்ஸ் கார்டு வாங்குமுன் கேபினெட்டைத் திறந்து பார்க்க வேண்டியவை

மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும் இடம், மதர்போர்டில் பிராசசருக்குக் கீழே இருக்கும் நீளமான ஸ்லாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 என்பது அதன் பெயர். 2004ஆம் ஆண்டு இன்டெலின் 915, 925 சிப்செட்டுகளோடு பொதுச் சந்தைக்கு வந்தது. நீளம் 89 மி.மீ., தொடுமுனைகள் 164. அன்று முதல் இன்றுவரை இந்த அளவு மாறவே இல்லை. வேகம்தான் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிவந்திருக்கிறது. பழைய 2.0 ஸ்லாட்டில் புதிய 4.0 கார்டைச் செருகலாம், புதிய 5.0 ஸ்லாட்டில் பழைய 2.0 கார்டையும் செருகலாம். கணினி உயிர்பெறும்போது இரண்டில் எது மெதுவானதோ அந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கிவந்து வேலை செய்யும்.

ஆகவே “இந்தக் கார்டு என் போர்டுக்குப் பொருந்துமா?” என்று கடையில் கேட்டால், ஸ்லாட்டை மட்டும் நினைத்துக்கொண்டு “தாராளமாகப் பொருந்தும்” என்று கடைக்காரர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. சிக்கல்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. கார்டு கேபினெட்டுக்குள் நுழையாது. நுழைந்தால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயர் இருக்காது. வயரும் இருந்தால் பயாஸ் கார்டை அடையாளம் காணாமல் ‘டிஸ்ப்ளே’ வராது. எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கிய பிறகும் கார்டின் பாதித் திறன்தான் கிடைக்கும். கேள்வியில் இருப்பது போர்டு என்றாலும் விடை கணினி முழுவதிலும் பரவிக் கிடக்கிறது.

ஸ்லாட்டே ஒத்துவராத நிலை இரண்டு வகைக் கணினிகளில்தான் வரும். ஒன்று, 2004க்கு முந்தைய ஏஜிபி போர்டுகள். அந்த ஸ்லாட் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், மற்ற ஸ்லாட்டுகளைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். பழைய கணினிகளைச் சேகரிப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இன்று அதில் வேலை இல்லை. மற்றொன்று, லேப்டாப்பும் உள்ளங்கை அளவிலான மினி பிசியும். அவற்றில் எக்ஸ்16 ஸ்லாட்டே கிடையாது.

போர்டின் பெயர்

சோதனையின் முதல் படி, போர்டின் மாடல் பெயரைத் தெரிந்துகொள்வது. விண்டோஸில் தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் ‘பேஸ்போர்டு மேனுஃபாக்சரர்’, ‘பேஸ்போர்டு புராடக்ட்’ என்ற வரிகளில் போர்டைத் தயாரித்த நிறுவனமும் மாடலும் இருக்கும். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளும் இதையே ‘மெயின்போர்டு’ பக்கத்தில் காட்டும். கணினி ஓடாத நிலையில் இருந்தால் கேபினெட்டைத் திறந்து பார்க்கலாம். அசெம்பிள் செய்யப்பட்ட கணினி என்றால் ஸ்லாட்டுகளுக்கு இடையிலோ பிராசசர் பக்கத்திலோ மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற பிராண்டட் கணினிகளில் போர்டின் பெயரைவிடக் கணினியின் மாடல் பெயரே உதவும். கேபினெட் சிறியதா, நடுத்தரமா, டவரா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாடல் பெயரில் மூன்று உடல்கள் விற்பனைக்கு வருவது அங்கே வழக்கம்.

பெயர் கிடைத்ததும் நிறுவனத்தின் தளத்தில் அந்த போர்டின் மேனுவலைத் திறந்து, விரிவாக்க ஸ்லாட்டுகளைப் பற்றிய பகுதியைப் படிக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்த விளம்பர வரிகளில் இல்லாத ஒரு தகவல் அங்கேதான் இருக்கும்: எந்த ஸ்லாட்டுக்கு எத்தனை லேன்.

நீளம் ஒன்று, லேன் ஒன்று

எக்ஸ்16 என்பதில் உள்ள 16, தகவல் போய்வரும் லேன்களின் எண்ணிக்கை. ஸ்லாட்டின் உடல் 16 லேனுக்கு உரிய நீளத்தில் இருந்தாலும், உள்ளே அத்தனை லேனுக்கும் இணைப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல போர்டுகளில் நீளமான ஸ்லாட்டுகள் இரண்டு இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிராசசருக்கு அருகில் இருப்பதுதான் முழு 16 லேன் பெற்றது. கீழே இருப்பது பெரும்பாலும் 4 லேன் மட்டுமே, அதுவும் சிப்செட் வழியாகச் சுற்றிவருவது. ஸ்லாட்டின் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிவதுண்டு. முழு ஸ்லாட்டில் பொன்னிறத் தகடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக நிற்கும். 4 லேன் ஸ்லாட்டில் அந்த வரிசை பாதியைக்கூட எட்டாமல் நின்றுவிடும். மீதி வெறும் பிளாஸ்டிக். பல போர்டுகளில் மேல் ஸ்லாட்டுக்கு மட்டும் உலோக உறை போட்டிருப்பார்கள். கார்டு போக வேண்டிய இடத்துக்கு அதுவும் ஓர் அடையாளம்.

கார்டின் பக்கத்திலும் இதே கதைதான். எக்ஸ்16 அளவு விளிம்பு இருப்பதாலேயே எல்லாக் கார்டும் 16 லேனைப் பயன்படுத்துவதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 16 லேன் கார்டு. அடுத்து வந்த ஆர்டிஎக்ஸ் 4060 எட்டு லேன்தான். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 ஆகியவையும் எட்டு. ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஜிடி 1030 ஆகியவை நான்கு.

லேனின் எண்ணிக்கையோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமை பெறும். ஒரு லேன் ஒரு திசையில் வினாடிக்குக் கொண்டுசெல்வது 2.0இல் 500 எம்பி, 3.0இல் ஏறக்குறைய 1 ஜிபி, 4.0இல் 2 ஜிபி, 5.0இல் 4 ஜிபி. இதன்படி 3.0 எக்ஸ்16 ஸ்லாட்டும் 4.0 எக்ஸ்8 ஸ்லாட்டும் சமம். இரண்டும் சுமார் 16 ஜிபி. ஆனால் 4.0இல் எட்டு லேனோடு வரும் கார்டை 3.0 போர்டில் செருகினால், ஸ்லாட்டில் 16 லேன் இருந்தும் பயனில்லை. கார்டுக்குத் தெரிந்தது எட்டு லேன் மட்டுமே என்பதால் 8 ஜிபியோடு நின்றுவிடும்.

இதனால் எவ்வளவு இழப்பு என்பது கார்டைப் பொறுத்தது. நினைவகம் தாராளமாக உள்ள பெரிய கார்டுகள் 3.0 எக்ஸ்16இல் ஓடினாலும் சில சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை. விளையாட்டுக்குத் தேவையான படத் தகவல்கள் பெரும்பாலும் கார்டின் சொந்த நினைவகத்திலேயே இருப்பதுதான் காரணம். அடி வாங்குவது சின்னக் கார்டு. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல உதாரணம். நினைவகம் 4 ஜிபி, லேன் 4. நினைவகம் நிரம்பியதும் கார்டு கணினியின் ரேமுக்கு ஓட வேண்டும். ஓடும் பாதையோ 3.0 போர்டில் வினாடிக்கு 4 ஜிபி. அப்போது வந்த விமர்சனங்களில், அதே கார்டு 4.0 போர்டில் ஒரு மாதிரியும் 3.0 போர்டில் கணிசமாக மெதுவாகவும் ஓடியது பதிவாகியிருக்கிறது. பழைய கணினிக்கு மலிவாக ஒரு கார்டு தேடுபவர்தான் இதை வாங்குவார், அவரிடம்தான் 3.0 போர்டு இருக்கும் என்பது இந்தக் கார்டின் வடிவமைப்பில் இருந்த முரண்.

மேல் ஸ்லாட்டின் லேன்கள் பிராசசரிலிருந்து நேரடியாக வருவதால், தலைமுறையையும் லேன் எண்ணிக்கையையும் போர்டு மட்டும் முடிவுசெய்வதில்லை. இன்டெலின் இரண்டாம் தலைமுறை பிராசசர் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 மட்டுமே தரும். அதே சாக்கெட்டில் மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 உட்கார்ந்தால், ஹெச்61 போர்டுகள் பலவற்றில் அதே ஸ்லாட் 3.0 ஆகிவிடும். ஏஎம்டியின் பி550 போர்டு 4.0 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், ரைசன் 5 5600ஜி அல்லது ரைசன் 5 5500 வைத்திருப்பவருக்குக் கிடைப்பது 3.0. ரைசன் 5 8500ஜி இன்னும் ஒரு படி கீழே: கார்டுக்கு அது ஒதுக்குவது நான்கே நான்கு லேன். பெயரின் கடைசியில் ‘ஜி’ உள்ள பிராசசரை முதலில் வாங்கிவிட்டு, பின்னாளில் பெரிய கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட்டும் சில போர்டுகளில் இதே லேன்களைப் பங்குபோடும். குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகியதும் கார்டின் 16 லேன் எட்டாகக் குறையும். மேனுவலில் இது சிறிய எழுத்து அடிக்குறிப்பாகத்தான் இருக்கும்.

அளவெடுத்தல்

இனி ஸ்கேலையோ டேப்பையோ எடுக்க வேண்டிய இடம். கார்டின் விவரக்குறிப்பில் நீளம், உயரம், தடிமன் என்று மூன்று அளவு இருக்கும். ஒவ்வொன்றும் கேபினெட்டின் வேறு வேறு பகுதியில் இடிக்கும்.

நீளத்தைக் கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்புறம் நோக்கி அளக்க வேண்டும். அளவு நிற்கும் இடம் கேபினெட்டின் முன்சுவர் அல்ல. கார்டு வரும் மட்டத்தில் முதலில் எதிர்ப்படும் பொருள். அது முன்புற ஃபேனாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் கூண்டாக இருக்கலாம், லிக்விட் கூலரின் ரேடியேட்டராக இருக்கலாம். கேபினெட் நிறுவனம் தரும் அதிகபட்ச நீளம் பெரும்பாலும் இவை எதுவும் இல்லாத நிலையில் எடுத்தது. ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து சுமார் 50 மி.மீ. தின்றுவிடும். ஒற்றை ஃபேன் கார்டு 170 மி.மீ. அளவில் அடங்கும். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மி.மீ. தாண்டுவது சாதாரணம், ஆர்டிஎக்ஸ் 4090இல் என்விடியாவே தயாரித்து விற்றது 304 மி.மீ.

தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 20.32 மி.மீ. இரண்டு ஸ்லாட் கார்டு என்றால் சுமார் 40 மி.மீ.; இரண்டரை ஸ்லாட் என்றால் மூன்றாவது ஸ்லாட்டும் போயிற்று என்றே கொள்ள வேண்டும். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் இது உடனே உறைக்கும். மேல் ஸ்லாட்டில் கார்டு உட்கார்ந்தால் வைஃபை கார்டோ சவுண்டு கார்டோ போட வைத்திருந்த சிறிய ஸ்லாட் அதன் வயிற்றுக்கடியில் மறைந்துவிடும். போர்டின் ஓரத்தில் மேல்நோக்கி நிற்கும் சாட்டா போர்ட்டுகளும், முன்பக்க யுஎஸ்பிக்கான கனத்த கனெக்டரும் நீளமான கார்டின் அடியில் மாட்டிக்கொள்வதுண்டு. கார்டைச் செருகிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

உயரம் என்பது, போர்டிலிருந்து கேபினெட்டின் பக்கக் கதவை நோக்கிக் கார்டு நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. வழக்கமான கார்டு 111 மி.மீ. அளவில் அடங்கும். புதிய பெரிய கார்டுகள் இதை மீறுகின்றன. மேலே சொன்ன 4090இன் உயரம் 137 மி.மீ. மின்வயர் செருகும் இடம் பெரும்பாலும் இந்த மேல் விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே கார்டின் உயரத்தோடு வயர் வளைய இன்னொரு 35 மி.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவை அழுத்தி மூடினால் வயர் மடங்கும். அந்த மடிப்பு என்ன செய்யும் என்பதைப் பின்னால் பார்க்கலாம். 2 கிலோவைத் தாண்டும் கார்டுகள் கிடைமட்டமாகத் தொங்கும்போது முனை தாழும். அதற்கென விற்கும் தாங்கு கம்பி ஒன்றை வைப்பது ஸ்லாட்டுக்கு நல்லது.

இதற்கு நேர் எதிரான உலகம், ஒல்லியான கேபினெட்டுகள். அவற்றில் செருகும் கார்டின் பின்பக்கத் தகடு 120 மி.மீ. இல்லாமல் 79 மி.மீ. உயரத்தில் இருக்கும். இதற்கென ‘லோ புரொஃபைல்’ கார்டுகள் தனியாக வருகின்றன. பெட்டியில் குட்டைத் தகடு ஒன்று இருந்தால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. கார்டின் உடலே 69 மி.மீ. உயரத்துக்குள் இருந்தால்தான் கதவு மூடும்.

ஒரு பழைய டெல் கணினி

அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய பிராண்டட் கணினிகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி, ஒரு கார்டு போட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கணினி ஆக்குவது பலருடைய கணக்கு. 2013இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020ஐ எடுத்துக்கொண்டால் இதுவரை சொன்னதும் இனிச் சொல்லப்போவதும் ஒரே பெட்டிக்குள் தெரியும்.

பிராசசர் இன்டெலின் நான்காம் தலைமுறை, ஸ்லாட் 3.0. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறிய உடலில் வந்த மாடலின் எஸ்எம்பிஎஸ் 255 வாட், மினி டவர் மாடலில் 290 வாட். இரண்டிலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான தனி மின்வயர் கிடையாது. சரி, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாம் என்றால், போர்டுக்குப் போகும் முதன்மை கனெக்டர் வழக்கமான 24 பின் அல்ல. டெல் தனக்கென வடிவமைத்த 8 பின். கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்ட இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். சிறிய உடலில் வழக்கமான அளவு எஸ்எம்பிஎஸ்ஸை வைக்க இடமும் இல்லை.

ஆகவே சிறிய உடலுக்கு லோ புரொஃபைல், கூடுதல் வயர் கேட்காதது என்ற இரண்டு வடிகட்டிகளிலும் தேறும் கார்டுகள்தான் மிஞ்சும். ஜிடி 1030 வெறும் 30 வாட்டில் ஓடும். வீடியோவுக்கும் பழைய விளையாட்டுகளுக்கும் போதும். ஆர்எக்ஸ் 6400 எடுப்பது 53 வாட். அதைவிட வலுவானது, ஆனால் நான்கு லேன் கார்டு, இந்த 3.0 ஸ்லாட்டில் மேலே பார்த்த இடறல் அதற்கும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650இன் குட்டை வடிவங்களும், 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவமும் 70 முதல் 75 வாட் எடுப்பவை. பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன். இந்த வகைச் சிறிய கணினிகள் சிலவற்றில் எக்ஸ்16 ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டி இருப்பதால் அந்தத் தடிமன் நுழையாது. ஸ்லாட் முழு 75 வாட்டையும் தருமா என்பதையும் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட வேண்டும்.

இதே பணத்துக்கு மினி டவர் மாடல் கிடைத்தால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். உயரக் கட்டுப்பாடு போய்விடும், கார்டுகளின் பட்டியலும் நீளும்.

மின்சாரக் கணக்கு

எக்ஸ்16 ஸ்லாட் வழியாகவே ஒரு கார்டு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச மின்சாரம் 75 வாட். அதற்கு மேல் தேவையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடி வயர் வேண்டும். 6 பின் கனெக்டர் 75 வாட் தரும், 8 பின் 150 வாட். 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 பொதுவாக ஒரு 8 பின் கேட்கும். 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060உம் பெரும்பாலும் அப்படியே. 2016இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வந்தபோது, ஒற்றை 6 பின் வைத்துக்கொண்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள். ஏஎம்டி சில நாட்களிலேயே டிரைவரைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்பதை அதன் ஸ்டிக்கரில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கிராஃபிக்ஸ் கார்டு உண்பது 12 வோல்ட் மின்சாரம். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மை வெளிவரும். கேபினெட்டோடு சேர்த்து விற்கும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்றிருந்தால் கைக்கு வருவது 192 வாட்தான். அதிலிருந்து பிராசசருக்கும் கொடுத்தாக வேண்டும். 3060க்கும் 4060க்கும் கணினி முழுமைக்கும் சேர்த்து 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை என்விடியா பரிந்துரைக்கிறது. 450 வாட் எடுக்கும் 4090க்குப் பரிந்துரை 850 வாட்.

8 பின் கனெக்டரில் ஒரு குழப்பம் உண்டு. பிராசசருக்குப் போகும் வயரும் 8 பின், கார்டுக்குப் போகும் வயரும் 8 பின். பிராசசர் வயர் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டின் வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். உள்ளே பிளஸ்ஸும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. தவறான வயர் நுழையாதபடி பின்களின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றாலும், பலத்தைக் காட்டி அழுத்துபவரிடம் பிளாஸ்டிக் தோற்றுவிடும்.

கார்டுக்கான வயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, சாட்டா வயரை 6 பின்னாக மாற்றித் தரும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் அதனிடம் கேட்கப்போவதோ 75. சூடாகி உருகுவதற்கு இந்த இடைவெளி போதும். அந்த அடாப்டரை வாங்க வேண்டிய நிலை வந்தால், மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ் என்று பொருள்.

2022 முதல் வந்த பெரிய என்விடியா கார்டுகளில் 16 பின் கொண்ட சிறிய கனெக்டர் ஒன்று இருக்கிறது. 600 வாட் வரை இதன் வழியாகப் போகலாம். 4090 வெளியான சில வாரங்களிலேயே இந்த கனெக்டர் உருகியதாகப் படங்கள் வரத் தொடங்கின. முழுவதும் உள்ளே போகாமல் அரைகுறையாகச் செருகியிருந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. வயரை வேரிலேயே மடக்கினால் கனெக்டர் ஒரு பக்கம் இழுபட்டு இதே நிலைக்கு வந்துவிடும். 35 மி.மீ. இடைவெளியைப் பற்றி முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். பின்னர் வந்த திருத்திய வடிவத்தில், முழுவதும் செருகாவிட்டால் மின்சாரம் பாயாதபடி இணைப்பை உணரும் பின்களைக் குட்டையாக்கினார்கள்.

மின்வெட்டுக்காக யுபிஎஸ் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு கணக்கும் சேரும். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட். கார்டு இல்லாத கணினிக்கு அது தாராளம். 3060 போட்ட கணினி முழு வீச்சில் விளையாட்டு ஓட்டும்போது மின்சாரம் போனால், யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துபோக வாய்ப்புண்டு.

பயாஸ் மறுக்கும்போது

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. மெக்கானிக்குகள் ‘டிஸ்ப்ளே வரல’ என்று சொல்லும் இந்த நிலைக்கு, கார்டும் போர்டும் பழுதில்லாமல் இருந்தும் பயாஸ் காரணமாக இருக்கலாம். 2012 வாக்கில் கணினிகள் பழைய பயாஸிலிருந்து யுஇஎஃப்ஐ முறைக்கு மாறின. புதிய கார்டுகள் யுஇஎஃப்ஐயை எதிர்பார்க்கின்றன. அதற்கு முந்தைய போர்டில் புதிய கார்டு சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. நிறுவனம் கடைசியாக வெளியிட்ட பயாஸ் அப்டேட்டைப் போட்டால் பல போர்டுகள் வழிக்கு வரும். கார்டு வாங்குமுன்பே, கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். யுஇஎஃப்ஐயைப் புரிந்துகொள்ளும் நிரல் இல்லாத பழைய கார்டை, சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவு அணைக்கப்பட்ட புதிய போர்டில் போட்டால் தொடக்கத் திரையே வராது. விண்டோஸ் 11க்காக செக்யூர் பூட்டை இயக்கிவைத்த கணினிகளில் சிஎஸ்எம் அணைந்தே இருக்கும்.

இன்டெலின் ஆர்க் கார்டுகளுக்குத் தனி நிபந்தனை ஒன்று உண்டு: ரீசைசபிள் பார். கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக உதவும் வசதி அது. மற்ற கார்டுகளுக்கு அது இருந்தால் நல்லது. ஆர்க்குக்கு அது இல்லாவிட்டால் வேகம் பெருமளவு சரியும். இன்டெல் பத்தாம் தலைமுறை அல்லது ரைசன் 3000க்கு முந்தைய கணினி வைத்திருப்பவர், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் ஆர்க் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

திரைக்குப் போகும் வயர்

நீல நிற விஜிஏ வயரோடு பழைய மானிட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறைய. 2016இல் ஜிடிஎக்ஸ் 1080 வரிசையோடு என்விடியா அனலாக் வெளியீட்டைக் கைவிட்டது. இப்போது வரும் கார்டுகளில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். சிக்னலை உள்ளேயே மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டர் இருந்தால் விஜிஏ மானிட்டரை ஓட்டலாம். பின்களை மட்டும் மாற்றும் மலிவு வயர் வேலைசெய்யாது. கார்டு போட்ட பிறகு மானிட்டர் வயரைப் போர்டில் இருக்கும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. பெயரின் முடிவில் ‘எஃப்’ உள்ள இன்டெல் பிராசசர்களில் ஆன்போர்டு கிராஃபிக்ஸே கிடையாது என்பதால் அங்கே செருகினால் எதுவும் வராது.

போட்ட பிறகு

ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ‘டக்’கென்று பூட்டிக்கொண்டு, பின்தகட்டில் ஸ்குரூவும் ஏறி, டிரைவரும் போட்டாயிற்று என்றால் கடைசிச் சோதனை ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில். அதில் ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ என்ற வரி இரண்டு தகவலைச் சேர்த்துச் சொல்லும்: முதலில் கார்டால் முடிந்தது, அடுத்து இப்போது உண்மையில் நடப்பது. ‘எக்ஸ்16 4.0 @ எக்ஸ்16 1.1’ என்று காட்டினால் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறு சோதனையை ஓடவிட்டால் 1.1 என்பது 3.0 அல்லது 4.0 ஆக ஏறும். அதே மென்பொருள், பழைய சிப்பில் புதிய பெயரைப் பதிந்து விற்கும் போலி என்விடியா கார்டுகளையும் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று போட்டுக் காட்டிக்கொடுக்கும். பயன்படுத்திய கார்டு வாங்குபவர்கள் பணம் கொடுக்குமுன் இதை ஓட்டிப் பார்க்கலாம்.

தலைமுறை எண் ஏறி, லேன் எண்ணிக்கை மட்டும் குறைவாக நின்றால் விஷயம் வேறு. 16 லேன் கார்டு எட்டு அல்லது நான்கில் ஓடினால், முதலில் அது மேல் ஸ்லாட்டில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிராசசரின் லேன் ஒதுக்கீடு, அடுத்து எம்.2 பங்கீடு. மூன்றும் சரியென்றால் கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகிப் பார்க்கலாம். அப்போதும் ஏறாவிட்டால், பிராசசரைக் கழற்றி சாக்கெட்டில் வளைந்த பின் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலையைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.